அன்வர் பாஷாவின் வீட்டு பிளான்

1937, புரட்டாசி. காலை 11 மணி. பூந்தமல்லிச் சாலையில் ஒரு பஞ்சாயத்து போர்டு ஆபீஸ். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், அங்கே எனக்கு இன்னும் ஒரு வேலை ஆக வேண்டியிருக்கிறது! கட்டட மனுக்களைப் பார்க்கும் ஓவர்சியர் ராஜசேகரன் ஃபைலைத் திறந்தவர் அலறிவிட்டார்.

அன்வர் பாஷாவின் மனு இருந்தது. ஸ்டாம்பு இருந்தது. துணியில் மையால் வரைந்த வீட்டு பிளான் மட்டும் இல்லை.

மாலை நான்கு மணிக்கு போர்டு கூட்டம். பிளான் இல்லையென்றால் அனுமதி அடுத்த மாதம்தான். அதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். பழைய வீடு இடிந்துபோய், பாஷா மனைவி மக்களோடு மச்சான் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார். சேதி கேட்டு ஆபீசுக்கு ஓடி வந்தார். பாவம், மனிதர் அழாத குறை.

11.40. ஏட்டு எத்திராஜ் வந்தார்.

"யார் மேல சந்தேகம்?"

"பக்கத்து மனை தேவராஜுதான் ஏட்டையா. ஊடு கட்ட வுடமாட்டேன்னு சொல்லிக்கினே கீறாரு," என்றார் பாஷா.

தேவராஜைக் கூப்பிட்டார்கள்.

"பிளானை எடுத்தியா?"

"நான் இன்னாத்துக்கு எடுக்கறேன்? சண்டைன்னா வாசல்ல நின்னு போடுவேன். திருட்டு வேலையெல்லாம் நம்மகிட்ட கெடையாது."

ஆபீஸே தேவராஜ்தான் என்றது. எத்திராஜோ கொல்லைப்புறம் போனார். கிணற்றடித் தொட்டியில் தண்ணீர் கஞ்சி மாதிரி வெளுத்து நின்றது.

12.15. பியூன் துலுக்கானம் கற்கண்டு நீட்டினான். "பொண்ணு பொறந்துகீது ஏட்டையா. இன்னிக்கு ஒம்பதாம் நாளு."

"கொழந்தைக்குச் சட்டை தெச்சாச்சா?"

"காலீலதான் எம் பொஞ்சாதி தெச்சா."

"கொண்டா பாக்கலாம்."

சட்டை வந்தது. மல் துணி போல மெத்தென்று இருந்தது. எத்திராஜ் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மங்கலாகக் கோடுகள்!

"தேவராஜ் எடுத்திருந்தா மனுவையும் சேத்து எடுத்திருப்பான். பிளானை மட்டும் எடுத்தவனுக்குத் துணிதான் வேணும். பிளான் துணி கஞ்சி போட்டு வெறப்பா இருக்கும். ஊறவெச்சு அலசினா உசத்தித் துணி. பச்சப்புள்ளைக்கு நாம புதுத்துணி போடமாட்டோம், பழசுதான் போடுவோம். ஓவர்சியர் சார், செல்லாத பழைய பிளானெல்லாம் இங்க யாருக்குப் போவுது?"

"பியூனுக்குத்தான்," என்ற ராஜசேகரன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயையோ! நேத்து சாயங்காலம் பாஷா பிளானை அந்தப் பழைய கட்டு மேலதான் வெச்சேன். ஃபைல்ல வெக்க மறந்துட்டேன்!"

துலுக்கானம் பாஷாவைப் பார்த்துக் கும்பிட்டான். "பழசுன்னு நெனச்சி எடுத்துக்கினேன் பாய்! எனக்குப் படிக்கவா தெரியும்? என் வேலை போயிடுமே!"

ராஜசேகரன் சட்டையை மேஜையில் விரித்துக் கோடு பார்த்து வரைந்தார். சமையல்கட்டு மட்டும் கிடைக்கவில்லை. துலுக்கானம் ஓடிப்போய் வெட்டி மிச்சமான துண்டைக் கொண்டுவந்தான்.

4.20. அனுமதி கிடைத்தது. போர்டு தலைவர் துலுக்கானத்தை என்ன செய்யலாம் என்று பாஷாவையே கேட்டார்.

பாஷா சட்டையை மடித்துத் துலுக்கானத்தின் கையில் வைத்தார். "போய்ப் புள்ளைக்குப் போட்டு வுடுப்பா. என் ஊட்டுக்கு எனக்கு முன்னாடியே உன் பொண்ணு குடி வந்துட்டா. அவளுக்கு அப்பன் வேலையில இருக்க வாணாமா?"