புதன்கிழமைச் சாம்பிராணி

ஜவுளிக்கடை அய்யாதுரை மயிலாப்பூரில் சுப்புலக்ஷ்மி மாமியின் வீட்டுக்குள் நுழைந்தபோதே கொதித்துக்கொண்டிருந்தார். தீ விபத்துகளை ஆராயும் இன்சூரன்ஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மாமி, காபி கொடுத்து உட்காரவைத்தாள். உதவியாளன் அனிருத்துக்குத்தான் உட்கார முடியவில்லை. வழக்கு என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"நேத்து தி.நகர் கடை மாடியில தீப்பிடிச்சுட்டும்மா. புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிற சரண்யா புகையில மயங்கி ஆஸ்பத்திரில கெடக்கா. எவனோ புகைச்சுட்டுத் துணிக்கூடையில துண்டைப் போட்டிருக்கான். கடையில பீடி குடிக்கிறவன் ஹம்மாத் ஒருத்தன்தான். போலீஸ்ல புடிச்சுக் குடுக்கப் போறேன். எவனா இருந்தாலும் விடமாட்டேன்."

"பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் யாரையும் பிடிச்சுக் குடுத்துடாதீங்கோ" என்றாள் மாமி.

கடை மாடியில் கூடை கருகிக் கிடந்தது. உள்ளே கிடந்த துண்டு பீடியா சிகரெட்டா என்று சொல்ல முடியாதபடி எரிந்திருந்தது. அனிருத் அண்ணாந்து பார்த்துக் கத்தினான்: "மாமி! புகை மணிக்கு யாரோ முக்காடு போட்டிருக்காங்க!"

கூரையில் இருந்த புகை எச்சரிக்கை மணியின் மேல், புடவை போட்டுத் தரும் பாலிதீன் உறை இறுக்கக் கட்டப்பட்டிருந்தது.

"செவ்வாய், வெள்ளி சாம்பிராணி போடும்போது மணி அலறக் கூடாதுன்னு கட்டுவோம். கழட்ட மறந்திருப்பாங்க" என்றான் அய்யாதுரையின் மகன் ஹரி.

"செவ்வாக்கிழமை சாயங்காலம் நானேல்ல கழட்டினேன்!" என்றார் அய்யாதுரை.

மூலையில் நின்ற கடை ஊழியன் ஹம்மாத் முன்னால் வந்தான். "நான் டீக்கடையாண்ட நின்னுதான் பிடிப்பேன் மாமி, ஊருக்கே தெரியும். நேத்து மேல வரும்போதே சாம்பிராணி வாசனை வந்துக்கினு இருந்துச்சு. அதான் புகையைப் பாத்தும் சரண்யா பயப்படாம தச்சுக்கினு இருந்துச்சு."

"கிடைச்சாச்சு! சாம்பிராணி நெருப்புதான் கூடையில விழுந்திருக்கு!" என்று அனிருத் துள்ளினான்.

மாமி பூஜை அலமாரியைத் திறக்கச் சொன்னாள். தூபக்கால் நிறைய சாம்பல், துளிகூடச் சிந்தாமல் இருந்தது. அனிருத்தின் முகம் தொங்கிப்போனது.

"நேத்து என்ன கிழமைடா?" என்றாள் மாமி.

"புதன்..." சொல்லும்போதே அவனுக்கு உறைத்தது. "புதன்கிழமை எதுக்கு சாம்பிராணி?"

"சிகரெட் வாசனையை மறைக்கறதுக்குன்னா போட்டிருக்கா. ஹம்மாத் குடிக்கறது ஊருக்கே தெரியும், அவன் ஏன் மறைக்கணும்? விட்டுட்டேன்னு சொல்லிண்டு திரியறவாதான் மறைப்பா. இந்த அலமாரிச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டயும் ஹரிகிட்டயும்தான். நேத்து நான் பெசன்ட் நகர்ல ஒரு கல்யாணத்துக்கு..." அய்யாதுரை பாதியில் நிறுத்திவிட்டு மகனைப் பார்த்தார். "எலே, நீயா?"

ஹரி தலை நிமிரவில்லை. "விட்டுட்டேன்னு உங்க தலையில அடிச்சு சத்தியம் பண்ணினேன்ல. தெரிஞ்சா தாங்கமாட்டீங்கன்னு... சரண்யா சாப்பிடப் போன நேரத்துலதான் மணியைக் கட்டிட்டுக் குடிச்சேன். துண்டு அணைஞ்சுட்டுன்னு நெனச்சேன்ப்பா."

அனிருத்துக்குத் தன் துள்ளலை நினைத்து வெட்கமாக இருந்தது. ஹம்மாத் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தான். அய்யாதுரை அவன் கையைப் பிடித்து, "மன்னிச்சுருப்பா" என்றார்.

பிறகு அவரே ஸ்டூலில் ஏறி, அந்த உறையைப் பிய்த்தெறிந்தார்.

"சட்டையை மாத்திட்டு வா. மொதல்ல ஆஸ்பத்திரி, சரண்யாவோட அம்மாகிட்ட நீயே உன் வாயால சொல்லு. அப்புறம் ஸ்டேஷன்" என்றார் மகனிடம். "எவனா இருந்தாலும் விடமாட்டேன்னு சொல்லியிருக்கேன்."