சாமான் அறைக்கு எவ்வளவு சூடு

மூன்று வருடமாகப் பூட்டிக் கிடந்த நிலவறைச் சாமான் அறையின் சுவரில், யாரோ சற்று முன்புவரை முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்த தடம் தெரிந்தது. வெறுங்கண்ணுக்கு இல்லை, சிறீதரன் பிடித்திருந்த வெப்பக் கமராவில். சுவர் முழுக்கக் குளிரின் நீலம், தரையோடு ஒட்டி ஒரு முதுகின் அகலத்துக்கு மட்டும் சூட்டின் மஞ்சள். தொட்டுப் பார்த்தார். ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது.

"குழாய் ஏதும் ஓடுதாக்கும்," என்று முணுமுணுத்தார். ஓடவில்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன? ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்து இந்த வீட்டில் எந்த அறைக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று முன்பும் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான்.

அப்போது இங்கே கலாதேவி இருந்தாள். குடியிருப்புப் பதிவு இல்லை, கடிதப்பெட்டியில் பெயர் இல்லை; ஒரு மெத்தை, தண்ணீர் கொதிக்க வைக்க ஒரு கேத்தல். அளவெடுக்க வந்தவருக்குப் பால் விடாத பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்து, "அண்ணை, இரவில கால் விறைச்சுப் போகுது. இதுக்கும் ஒரு ஹீட்டர் எழுதி விடுங்கோ," என்றாள்.

"ஓம் தங்கச்சி, எழுதுறன்," என்றார், ரீயைக் குடித்துக்கொண்டே.

அங்கே ஆள் இருப்பது கடதாசியில் வரக்கூடாது என்றார் வீட்டுக்காரர் சேகர். சிறீதரனும் 'சாமான் அறை, சூடு தேவையில்லை' என்று எழுதிக் கொடுத்தார். மாசிக் குளிரில் அவளைச் சுவரில் சாய்ந்தபடியே விறைத்த பிணமாகக் கண்டெடுத்தார்கள். எழுதிக் கொடுத்த இந்த மனுசனுக்கோ ஒரு நாள்கூட நித்திரை கெடவில்லை. நினைத்தால் வயிறு எரிகிறது.

இப்போது புது ஹீட்டிங் பூட்ட, புதுக் கணக்கு. படிக்கட்டின் மேலிருந்து சேகர் கேட்டார்: "சிறீ அண்ணை, கீழ் அறைக்கும் ஏதும் போட வேணுமோ?"

சிறீதரன் சுவரைப் பார்த்தார்.

"தேவையில்லை. இங்க ஒருத்தரும் இல்லைத்தானே."

சொல்லி வாய் மூடவில்லை, கதவு தானாகச் சாத்திக்கொண்டது. எங்கோ கேத்தல் இரையத் தொடங்கி, ஈரச் சுண்ணாம்பு வாடைக்குள் அவித்த தேயிலையின் மணம் மெல்லப் பரவி, அவர் மூக்கருகில் வந்து நின்றது. கமராவைத் தூக்கினார். சுவரில் மஞ்சள் இல்லை. தரையில் மஞ்சளாய் இரண்டு பாதத் தடங்கள். பிறகு இன்னும் இரண்டு. அவரை நோக்கி.

கதவை இழுத்தார். அசையவில்லை. விரல்கள் மடங்க மறுத்தன. கமரா கைநழுவி எதிரே விழ, சுவரோடு சரிந்தார்.

"அண்ணை."

காதோரம். பக்கத்தில்.

"எனக்கு எவ்வளவு சூடு வேணுமெண்டு கணக்குப் பாத்தனீங்களோ?"

"தங்கச்சி... எழுதுறன். இப்பவே எழுதுறன்."

"எழுத வேண்டாம். கனக்கச் சூடும் வேண்டாம். ஒரு ஆளின்ர சூடு மட்டும் காணும்."

மேலே சேகரின் குரல்: "முடிஞ்சுதோ அண்ணை?"

கத்த வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. இவ்வளவு நேரமும் குளிரில் புகைந்துகொண்டிருந்த அவர் மூச்சு இப்போது புகையவில்லை. அந்த அறையின் குளிருக்கே அது இறங்கிவிட்டிருந்தது.

அவர் பக்கம் பார்த்துக் கிடந்த கமராவின் திரை மட்டும் ஒளிர்ந்தது. சுவரில் சாய்ந்தபடி இரண்டு உருவங்கள். ஒன்று சுவரின் நீலம். மற்றது அதன் தோளில் தலை சாய்த்து, கால்களை ஆறுதலாக நீட்டி, உச்சி முதல் பாதம் வரை சிவந்திருந்தது.