சிரிலுக்குச் சிக்காத நீல ஸ்கைலைன்

பிரேசர் டவுனில், கேட்டின் ஒரு கதவு மட்டும் மிஞ்சியிருந்த பழைய பங்களா ஒன்றின் முன்னால் என் எண்ணூறு சிசி சின்னக் காரை நிறுத்தினேன். 2003ஆம் வருஷம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். யாரோ உல்சூர் ஏரியைத் தூக்கித் தலையில் கவிழ்த்த மாதிரி மழை.

பக்கத்தில் சிரில். அவன் ரயில்வேயில் ரிடையர் ஆனவன், நான் பொதுப்பணித்துறையில். எங்களுக்கு மிச்சமிருந்த ஒரே வேலை, ஊருக்குள் எப்போதாவது தலைகாட்டும் ஜப்பானிய வேகக் கார்களைத் துரத்திப் படம் பிடிப்பது. எங்கள் சட்டம் ஒன்றே ஒன்று: ஃபோட்டோ இல்லாவிட்டால், பார்க்கவில்லை.

சூப்ரா மாட்டியது. எவோ மாட்டியது. அந்த நீல ஸ்கைலைன் மட்டும் எங்கள் உயிரை வாங்கியது. பிரிகேட் ரோட்டில் குறுக்கே பஸ் வந்தது. தொம்மலூரில் லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தான் சிரில். கண்டோன்மென்ட் ஸ்டேஷன் அருகே நான் தும்மிய தும்மலில் கேமரா திரும்பி, படத்தில் ஒரு எருமை மட்டும் ராஜகளையோடு விழுந்திருந்தது.

புதன்கிழமை சிரில் கடல்தாண்டி பெர்த் நகரத்துக்குப் போகிறான், மகளோடு இருக்க. இனித் திரும்ப மாட்டான்.

"ஐயரே, அந்தப் படம் இல்லாம நான் ப்ளேன் ஏற மாட்டேன் மேன்."

"ஐயங்கார்டா. அம்பது வருஷமா சொல்றேன்."

உறுமலைத் தொடர்ந்துதான் இந்தச் சந்துக்குள் வந்திருந்தோம். சிங்கம் தூக்கத்தில் தொண்டையைக் கனைப்பது போன்ற சத்தம். அதைக் கேட்ட தெருநாய்கள் ஓசூரைத் தாண்டித்தான் நின்றிருக்கும்.

போர்டிகோவில் நின்றது, நீல ஸ்கைலைன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே யாருமில்லை.

கதவுகள் பூட்டியிருந்தன. கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தேன். சாவியும் இல்லை.

புத்தியுள்ளவர்கள் அங்கேயே திரும்பியிருப்பார்கள். சிரில் சிரித்தான்.

"டர்போ டைமர்!"

இந்த வண்டிகளில் சூடான டர்போ மெல்ல ஆற வேண்டும். சாவியை எடுத்த பிறகும் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட ஒரு கருவி வைத்திருப்பார்கள். எங்களைப் போன்ற கார்ப் பைத்தியங்களுக்கு இது பாலபாடம்.

"ஓனர் இப்பதான் உள்ள போயிருக்கான். கிட்ட வா."

கேமராவை உயர்த்தி அமுக்கினான். பொத்தான் இறங்கவில்லை. மறுபடி அமுக்கினான். இறங்கவில்லை.

"ச்சே! இன்னிக்குதான் இதுக்கும் சாவு வரணுமா!"

நான் வழக்கப்படி பானெட்டில் உள்ளங்கையை வைத்தேன். வண்டி வந்து எவ்வளவு நேரமாயிற்று என்று நாங்கள் கண்டுபிடிப்பது அப்படித்தான்.

ஐஸ்.

சத்தம் காதைப் பிளந்தது. தகட்டில் துளி அதிர்வில்லை. பெட்ரோல் வாசனையும் இல்லை. நெடுநாள் பூட்டிக்கிடந்த அறையின் வாசனை. குனிந்தேன். டயர்கள் சப்பிக் கிடந்தன. சக்கரத்துக்குள் கொடி ஒன்று சுற்றிச் சுற்றி வளர்ந்து, பூவும் பூத்திருந்தது.

"சிரில்... இது வருஷக்கணக்கா நகரவே இல்லடா."

"அதே நம்பர், ஐயரே," என்று கிசுகிசுத்தான். "போன வாரம் பாத்தோமே."

பின்பக்கத்திலிருந்து குடையோடு ஓர் அம்மாள் வந்தாள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மரகதம் என்றாள்.

"இன்னா சார், காடி வாங்க வந்தீங்களா? வோணாம். சின்ன ஐயா செத்துப்பூட்டதும் மெஷினைக் கழட்டி வித்துட்டாங்க. சும்மா டப்பா இது."

"பின்னே இந்தச் சத்தம்?"

"எந்தச் சத்தம்?"

பானெட்டைத் தூக்கிக் காட்டினாள்.

காய்ந்த இலைகள். அதற்குக் கீழே போர்டிகோவின் சிவப்புத் தரை.

அந்த வெற்றுக் குழியிலிருந்துதான் உறுமல் வந்துகொண்டிருந்தது.

பிறகு, நன்றாக ஆறிவிட்டது போல், நின்றது.

டக்.

டிரைவர் கதவின் பூட்டுக் குமிழ் தானாக மேலெழுந்தது.

மூட்டுவலி மாத்திரையில் உயிர்வாழும் நான் அன்று ஓடிய ஓட்டத்துக்கு ஒலிம்பிக்கில் தங்கம் நிச்சயம். வெள்ளி சிரிலுக்கு.

மறுநாள் கேமராக் கடைக்காரர் பொத்தானை ஒரே அமுக்கில் இறக்கிக் காட்டி, "இதுல ரிப்பேரே இல்ல சார்" என்று எங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார். அந்த பங்களாவுக்கே திரும்பப் போய்ப் படத்தை எடுத்துக்கொண்டு வா என்றேன். சிரில் கேமராவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். புதன்கிழமை வெறுங்கையோடு ப்ளேன் ஏறினான்.

ஃபோட்டோ இல்லை. ஆகவே எங்கள் சட்டப்படி நாங்கள் எதையும் பார்க்கவில்லை. இதை எத்தனையோ முறை எனக்கே சொல்லிக்கொண்டுவிட்டேன்.

இதோ, இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சமையலறையிலிருந்து என் மனைவி ருக்குவின் குரல்:

"ஏன்னா, கார் எஞ்சினை நிறுத்திட்டு வாங்கோன்னு தினம் சொல்லணுமா? காலம்பரலேருந்து ஓடிண்டே இருக்கு!"

என் சின்னக் காரில் டர்போ கிடையாது. டைமரும் கிடையாது.

சாவி என் மேஜைமேல் இருக்கிறது.