பதினொன்றுக்குப் பின் ஒரு கோடு

“என் புரோகிராம் ஒருத்தரோட ரெண்டு விரலைக் காவு வாங்கிடுச்சாம் சார்!”

துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டினார். வந்த பெண் உட்காரவில்லை. தகடு வெட்டும் ஆலையில் அவள் புரோகிராமர். பழுதான மெஷின்களின் எண்களை அவளது பைத்தான் புரோகிராம் தினமும் காலையில் அச்சிடும். பட்டியலில் உள்ளதை யாரும் ஓட்டக் கூடாது. நேற்றைய பட்டியலில் பதினாலு இல்லை. அதை ஓட்டியவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

“பதினாலு பழுதுன்னு நான்தான் சார் பதிஞ்சேன்! அன்னன்னிக்குப் போடுற பதிவு அன்னிக்கே அழிஞ்சிடும், சாட்சி இல்ல. வேலையை விட்டே தூக்கிட்டாங்க.”

“அநியாயம்ணே! கிளம்புங்க!” துப்பறிவாளரின் தங்கையும் உதவியாளருமான பட்டாசு அதற்குள் செருப்பை மாட்டியிருந்தாள்.

ஆலையில் காலடியில் தரை டம், டம் என்று அதிர்ந்தது. இன்றைக்குப் பட்டியல் போட ஆளில்லை; பலகையில் நேற்றைய தாள் அப்படியே இருந்தது:

பழுது: 3 | 7 | 11 |

“பிரிண்டர்லேர்ந்து நான்தான் எடுத்தேன், நான்தான் ஒட்டினேன். வேற கை படல,” என்றார் சூப்பர்வைசர், பக்கத்தில் நின்ற முதலாளியைப் பார்த்தபடி. “இந்த மாதிரி அரைவேக்காட்டை நம்பினா இப்படித்தான்.”

பட்டாசுக்குக் காது வரை சுட்டது. அண்ணன் கண்ணாலேயே அவளை அடக்கினார்.

“இந்தக் கோடு எதுக்கும்மா?”

“எண்களைப் பிரிச்சுக் காட்ட சார். ஜாயின்னு ஒரு கட்டளை. ரெண்டு எண்ணுக்கு நடுவுல மட்டும்தான் கோடு போடும்.”

“அந்த மூணு எண்ணையும் குடுத்து ஓட்டிக் காட்டு.”

பிரிண்டர் துப்பியது: 3 | 7 | 11

பட்டாசு இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்தாள். “அண்ணே! இதுல கடைசிக் கோடே இல்ல!”

“பின்னால இன்னொரு எண் இருந்தாத்தான் அந்தக் கோடு வரும்.” அவர் பழைய தாளை வெளிச்சத்தில் பிடித்தார். கோட்டுக்கு அடுத்து, மங்கலாக ஒரு கட்டம். “எண் மேல துண்டுக் காகிதம் வெச்சு ஜெராக்ஸ் எடுத்திருக்கு. ஓரத்து நிழல் விழுந்திடுச்சு. கோட்டை மறைக்க மறந்துட்டீங்க சூப்பர்வைசர். வேற கை படலன்னு நீங்களே சொன்னீங்க.”

சூப்பர்வைசர் உதட்டை நக்கினார். “ஆர்டர் தேங்கிப் போச்சு... ஒரு நாள் ஓட்டினா என்னன்னு...”

“ஒரு நாளா? ரெண்டு விரலுய்யா!” பட்டாசு வெடித்தாள். “அதையும் இவ தலையில கட்டப் பார்த்தியே, நீயெல்லாம் மனுஷனா?”

முதலாளி தொண்டையைக் கனைத்தார். “நீ நாளைக்கு வேலைக்கு வந்துடும்மா.”

அந்தப் பெண் அவரைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டம். டம்.

“சார்... அது பதினாலோட சத்தம். இன்னுமா ஓடுது?”

பலகையில் இன்னும் நேற்றைய பட்டியல்தான்; அதில்தான் பதினாலு இல்லையே!

அவள் ஓடினாள். பின்னாலேயே பட்டாசும். கொஞ்ச நேரத்தில் தரையின் அதிர்வு அடங்கியது.