நானூற்றுப் பதினேழாம் வில்லை

நானூற்றுப் பதினேழாம் சங்கிலி மட்டும் ஒரு சாண் தாழ்ந்து தொங்கியது.

வேறு யார் கண்ணிலும் அது பட்டிருக்காது. கூரையை ஒட்டி அறுநூறு கொக்கிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கோட்டோ சட்டையோ, அதன் கீழே ஒரு ஜோடி பூட்ஸ். அவற்றில் ஒன்று சற்று இறங்கி நின்றால் யாருக்கு என்ன? ஆனால் ஒதிலியா இந்தச் சங்கிலிக்கூடத்தை ஒட்டிய வில்லை அறையில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவள். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கப் போகிறவன் வீட்டு உடுப்பைக் கழற்றித் தன் எண்ணுள்ள கொக்கியில் மாட்டுவான். சங்கிலியை இழுத்து அதைக் கூரைக்கு ஏற்றிவிட்டு, நுனியைச் சுவரோரக் கம்பியில் பூட்டிவிட்டுப் போவான். உடுப்பு மேலே இருந்தால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். சிலேசியாவின் இந்தப் பகுதியில் பேச்சு வருவதற்கு முன்பே குழந்தைகளுக்கு அது தெரியும்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் சங்கிலியை இழுத்து மற்றவற்றோடு சமமாக்கிப் பூட்டினாள். அந்தக் கொக்கியில் இருந்தது யாருடையதும் அல்லாத ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. மூடிப்போன சுரங்கம் அருங்காட்சியகமாகிறது என்றதும் மற்ற வீடுகளிலெல்லாம் பழைய உடுப்பைக் கொடுத்தார்கள். அந்த எண்ணுக்குரிய ரூஃபினின் மனைவி லூட்சியா மட்டும் கொடுக்கவில்லை. கொக்கி வெறுமையாக இருக்க வேண்டாமே என்று ஒதிலியாதான் எதையோ தேடி மாட்டியிருந்தாள். வெறுமையாக இருப்பதை நிரப்புவதில் அவளுக்குப் பழக்கம் உண்டு.

வில்லை அறையில் பவுலினா ஏணி மேல் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயது, படித்த பெண், அருங்காட்சியகத்தின் பொறுப்பு அவளுடையது. நாளை சுரங்கத்தாரின் காவலரான புனித பார்பராவின் திருநாள். காலை பத்து மணிக்குத் திறப்புவிழா. பெரிய பலகையில் வரிசை வரிசையாக ஆணிகள், ஆணிக்கொரு எண் பொறித்த பித்தளை வில்லை. தொலைந்துபோன எண்களுக்கெல்லாம் அவள் பெட்டியிலிருந்து உதிரி வில்லைகளை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நடுநடுவுல காலியா இருந்தா பொக்கை வாய் மாதிரி இருக்கு, அத்தை," என்றாள்.

காலி ஆணிக்கு அந்தக் காலத்தில் ஒரே ஒரு அர்த்தம்தான் என்று ஒதிலியா சொன்னாள். இறங்கும்போது வில்லையை எடுத்துக்கொண்டு போவார்கள். ஏறி வந்ததும் இந்த ஜன்னலில் கொடுப்பார்கள். வேலை முறை முடியும்போது ஒரு ஆணி காலியாக இருந்தால் சங்கு ஊதி ஆள் தேட இறங்க வேண்டும்.

"இப்போ கீழ யாரும் இல்லையே," என்று பவுலினா சிரித்தாள். இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டவள், நினைவு வந்தவளாக, லூட்சியா போன் செய்ததைச் சொன்னாள். நாளைக்கு வருகிறாளாம். புருஷனுடைய வில்லையைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டுமாம். "அவர் மேல வந்து வில்லையைக் குடுத்துட்டு, குடிச்சிட்டு மறுபடி கீழ போயிட்டாராமே? அதனாலதான் சுரங்கத்துல செத்தவங்க நினைவுக்கல்லுல அவர் பேரு இல்லியாம். நெசமா அத்தை?"

"அப்படித்தான் எழுதியிருக்காங்க," என்றாள் ஒதிலியா.

மூன்றரைக்குப் பவுலினா கிளம்பினாள். இரும்புத் திருடர்களுக்குப் பயந்து ஒதிலியா வாசல் கதவை உள்ளேயிருந்து பூட்டி, சாவியைத் தன் பச்சைக் கோட்டின் பையில் போட்டு, கோட்டை வில்லை அறைக் கதவோர ஆணியில் மாட்டினாள். வீட்டுக்கு ஓட அவசரம் ஒன்றும் இல்லை. அங்கே காத்திருப்பது ஒரு தொலைக்காட்சியும் நேற்றைய முட்டைக்கோஸ் சூப்பும்தான். அறுபத்தொரு வயதில் மனிதர்கள் நடமாடிய ஒரு கட்டடத்தைத் துடைத்துக்கொண்டிருப்பது, யாருமே நடமாடாத வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட மேல்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் இதே டிசம்பர் மூன்று. அன்று சாயங்காலம் சுரங்க மன்றத்தில் நடனம். புது ரவிக்கை தைத்து வைத்திருந்தாள். முறை முடிந்தபோது பலகையில் ஒரே ஒரு ஆணி காலி. ரூஃபின் கோத்சர். அந்த ஆளுக்கு வில்லையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே பீர்க்கடைக்குப் போய்விடும் பழக்கம். அந்த வருஷமே மூன்று தடவை அப்படி நடந்து, மூன்று தடவையும் சங்கு ஊதி, ஊரே அவனைத் திட்டியது. நாலாவது தடவையும் அவன் மானத்தை வாங்குவானேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பெட்டியிலிருந்து நானூற்றுப் பதினேழின் உதிரியை எடுத்து மாட்டினாள். ஜன்னல் வழியாகத் தலையை நிமிர்த்திச் சங்கிலிக்கூடத்தின் கூரையைப் பார்த்திருந்தால் போதும். அவனுடைய நீல ஜாக்கெட் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் திருநாள், யாரும் இறங்கவில்லை. எங்காவது குடித்துக் கிடப்பான் என்று லூட்சியாவும் இருந்துவிட்டாள். ஐந்தாம் தேதி, சரிந்த பாறையின் கீழ் கால் மாட்டிய நிலையில் அவனைக் கண்டார்கள். முந்தின நாள் சாயங்காலம்வரை உயிர் இருந்திருக்கும் என்றார் மருத்துவர். பக்கத்தில் ஓடிய காற்றுக்குழாய் முழுக்கத் தட்டிய தழும்புகள். எதால் தட்டினான் என்பது தெரியவில்லை; கையில் ஒன்றும் இல்லை. லூட்சியா அவன் உடுப்பைக் கீழே இறக்கியபோது ஜாக்கெட் பையிலிருந்து மகளுக்கு வாங்கியிருந்த சிவப்பு நாடா ஒன்று தரையில் விழுந்தது. விசாரணையில் ஒதிலியாவிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். ஜன்னலில் கொடுத்த வில்லையைத்தான் மாட்டினேன் என்றாள். அந்த மூன்றாம் தேதி நடனத்தில் தன்னோடு ஆட அவளை யாரும் அழைக்கவும் இல்லை.

ஒதிலியா பெருக்கிக்கொண்டே கூடத்தின் கடைசியை எட்டித் திரும்பியபோது நானூற்றுப் பதினேழு மறுபடி இறங்கியிருந்தது. இப்போது ஒரு சாண் அல்ல, தரையிலிருந்து ஆள் உயரம்வரை. பூட்டு பூட்டியபடியே இருந்தது. உயரமான ஜன்னல்களில் அந்தி அடைந்து, கண்ணாடிக்கு வெளியே பனி விழத் தொடங்கியிருந்தது. அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் பக்கத்தில் போய்ப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பக்கத்தில் போனாள். முதலில் வாசனை வந்தது. ஈரக் கரி, மசகெண்ணெய், அடியில் சோம்பு மிட்டாய். பன்னிரண்டு வருஷமாக ஒரு பிடி கரிகூட ஏறி வராத கட்டடம் அது. ரூஃபின் எப்போதும் சோம்பு மிட்டாய் சப்புவான்.

கொக்கியில் இருந்தது சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை அல்ல. நீல ஜாக்கெட். அதன் பையிலிருந்து சிவப்பாக ஒரு நுனி.

தட்டும் சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது. மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த வெப்பக்குழாயில் கேட்டது. சுரங்கத்தை மூடின வருஷமே அந்தக் குழாயை அறுத்து விற்றுவிட்டார்கள். நீட்டிக்கொண்டிருந்தது ஒரு முழத் துண்டு, எங்கும் போகாத துண்டு. ஒதிலியா அதன் வாயில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். தட்டுவது உள்ளங்கையில் தெரிந்தது.

ஓடினாள். கோட்டும் சாவியும் வில்லை அறையில் இருந்தன. அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கூடத்தில் ஈரக்கால் நடந்து வந்தது. ஒரு கால் ஊன்றும். மறு கால் இழுபடும். ஊன்றும். இழுபடும். ஜன்னலுக்கு வெளியே நின்றது.

ஜன்னல் திட்டில் பித்தளை இரண்டு முறை தட்டியது.

"கடவுள் துணை," என்றது ஒரு குரல். ஏறி வந்தவன் வில்லை கொடுக்கும்போது சொல்லும் வார்த்தை. அலுத்த, சாதாரணமான குரல்.

ஜன்னலின் கீழ் இடுக்கு வழியாகக் கை வந்தது. கரி படிந்த கை, அதில் நீர் சொட்டியது. நீட்டிய வில்லையை வாங்குவது இருபத்தாறு வருஷப் பழக்கம். வேண்டாம் என்று மனம் நினைப்பதற்குள் ஒதிலியாவின் கை நீண்டுவிட்டது. வில்லை பனிக்கட்டிபோல இருந்தது. ஒரு பக்கம் பாதிவரை தேய்ந்து, ஏழில் ஒரு கோடுதான் மீதி.

"நான்தான் மாட்டினேன், ரூஃபின்," என்றாள். பத்தொன்பது வருஷம் வராத வார்த்தை மூச்சுவிடும் நேரத்தில் வந்துவிட்டது. "உதிரியை நான்தான் மாட்டினேன்."

"தெரியும்," என்றது குரல். "நீ மாட்டுன சத்தம் கீழ கேட்டுச்சு."

நாளைக்கு லூட்சியாவிடம் சொல்லிவிடுகிறேன், எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன், கல்லில் பெயர் வெட்டச் சொல்கிறேன் என்று அவள் அழுதுகொண்டே சொன்னாள்.

"மாட்டு," என்றான்.

உதிரியைக் கழற்றி, தேய்ந்த வில்லையை நானூற்றுப் பதினேழில் மாட்டினாள். கை இழுத்துக்கொண்டது. ஈரக்கால் விலகிப் போனது. குளியல் பக்கம் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. முறை முடிந்து வந்தவன் நிதானமாகக் குளிக்கும் சத்தம். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது உண்மை. அவளுக்கே வெட்கமாக இருந்தது, அவ்வளவு நிம்மதி.

பழக்கதோஷம், பலகையை ஒருமுறை எண்ணினாள்.

ஒரு ஆணி காலி.

ஒன்பது. வில்லை அறைப் பெண்ணின் எண். அவளுடைய எண்.

கதவோர ஆணியில் கோட்டு இல்லை. கூடத்தில் ஒரு சங்கிலி ஓடும் சத்தம். கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நானூற்றுப் பதினேழாம் கொக்கியில் அவளுடைய பச்சைக் கோட்டு ஏறிக்கொண்டிருந்தது. பொத்தான்கள் போட்டபடி. பையில் சாவி குலுங்கியபடி. மேலே. இன்னும் மேலே. கூரையோடு சேர்ந்தது. பூட்டு 'டக்' என்றது.

விளக்கு அணைந்தது.

கதவைத் தேடிய கை பாறையில் பட்டது. ஈரப் பாறை. இன்னொரு பக்கமும் பாறை. தலைக்கு மேல் ஒரு முட்டுமரம். காலை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. வலிக்கவும் இல்லை, இன்னும். மூடியிருந்த கைக்குள் வட்டமாக ஏதோ இருந்தது. விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்பது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எட்டாத உயரத்தில் ஒரு கோடாக வெளிச்சம் வந்தது. ஜன்னலின் கீழ் இடுக்கு. அதன் வழியாக வாத்திய இசை, காலணிச் சத்தம், பவுலினாவின் குரல். ஒதிலியா அத்தை இன்னும் வரவில்லை, இந்த வயசில் நேற்று அவ்வளவு வேலை, அசந்து தூங்குகிறாள் போல என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் சங்கிலிக்கூடத்தைக் கடந்துதான் வந்திருக்க வேண்டும். யாரும் தலையை நிமிர்த்திப் பார்த்திருக்கவில்லை.

ஒதிலியா கத்தினாள். கரித்தூள் தொண்டையை அடைத்தது. கையருகே குழாய் தட்டுப்பட்டது. வில்லையால் தட்டினாள். மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு.

"ஏதோ தட்டற சத்தம் கேக்குதே," என்றது ஒரு கிழட்டுக் குரல். லூட்சியா.

"பழைய குழாய்ம்மா, அப்படித்தான் சத்தம் போடும்," என்றாள் பவுலினா. "அட, இங்க ஒண்ணு காலியா இருக்கே. நேத்து எல்லாத்தையும் மாட்டினேனே."

பெட்டியில் உதிரி வில்லைகளைக் கிளறும் சத்தம் வந்தது. பிறகு ஆணியில் பித்தளை விழும் சத்தம், கீழே, மிகத் தெளிவாக.