ஆடும் தட்டு

பழைய வீடு ஒன்றைக் கிளினிக்காக மாற்றியிருந்தார்கள். வாசலில் கண்ணாடிக் கதவு, சுவரெங்கும் விளம்பரப் படங்கள்: முழங்கால் வலி போன முகங்கள், முடி முளைத்த தலைகள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே லேப் டெக்னீஷியன் தன் தங்கையையும் கூட்டி வந்திருந்தாள். கொஞ்ச நாளாகத் தங்கைக்கு உள்ளங்கால் மரத்துப் போகிறது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்காதான். வேலையோடு வேலையாக ஒரு ரத்தப் பரிசோதனை பார்த்துவிடலாம் என்று நினைத்தாள்.

"இங்கயே உட்காரு. டாக்டர் கண்ணுல பட்டுத் தொலைக்காதே."

"ஏன், கடிச்சிடுவாரா?"

"முதல் நாளே குடும்பத்தோட வந்துட்டாளேன்னு நினைப்பார்டி."

"அப்ப மாமாவையும் கூட்டிட்டு வந்திருக்கலாம். குடும்பம் முழுசா இருந்திருக்கும்."

சிரித்துக்கொண்டே தங்கையின் விரலைக் குத்தி ஒரு சொட்டு எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

பின்னறையில் ஈர இரும்பின் வாடை. மேசைமேல் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரு தட்டு இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது.

சரக்... சரக்...

இது அவளுக்குப் பழகிய சத்தம்தான். ரத்தத்தை உறைய வைத்துக் காயத்தை மூடுகிற தட்டணுக்களை இப்படி ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டம் நின்றால் அவை கெட்டுப்போகும். எவ்வளவு ஆட்டினாலும் ஒரு வாரம் தாங்குவதே அபூர்வம். ஆனால் தட்டில் கிடந்த ஒற்றைப் பையின் சீட்டு, வருஷங்கள் ஆனதுபோல எழுத்தே தெரியாமல் வெளுத்துக் கிடந்தது.

பையை எடுத்து ஜன்னலுக்கு எதிரே பிடித்தாள். மஞ்சள் திரவத்துக்குள் பட்டுப்போலப் புகை சுழன்றது. உயிருள்ள அணுக்கள்தான் அப்படிச் சுழலும்.

அதிர்ச்சியில் அவள் முழங்கை பட்டு மேசையிலிருந்த ஒரு கண்ணாடித் தகடு உடைந்து விரலைக் கிழித்தது. எப்போதோ வந்து பின்னால் நின்றிருந்த மூத்த நர்ஸ் பையிலிருந்து ஒரு துளியை எடுத்துக் காயத்தில் வைத்தாள். வெட்டு, வாய் மூடுவதுபோல மூடிக்கொண்டது. தழும்புகூட இல்லை.

"சிஸ்டர், யாரோட ரத்தம் இது?"

"முழங்காலுக்கு, முடிக்குன்னு வர்ற எல்லாருக்கும் டாக்டர் இதைத்தான் ஊசியா போடறார். தன் முகத்துக்கும் கைக்கும்கூட."

"அவங்கவங்க ரத்தத்துல எடுத்து அவங்கவங்களுக்குத்தானே போடணும்?"

நர்ஸ் பையை வாங்கித் தட்டில் படுக்க வைத்தாள். தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல. "தட்டை மட்டும் நிறுத்திடாதேம்மா."

மனம் சரியில்லாமலேயே தங்கையின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். சிவப்பணுக்கள் ஊதிப் பெருத்திருந்தன. தட்டணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றும்.

"நாக்கு சிவந்து வழவழன்னு இருக்கா? கால் மரத்துப் போகுதா?" நர்ஸ் கிசுகிசுத்தாள்.

"ஆமா சிஸ்டர். பி12 சத்து இல்லை. ஊசி போட்டுக்கிட்டே வந்தா தேறிடுவா. ஆனா இந்த உடம்புல இருந்து ஒரு பொட்டு ரத்தம் எடுக்கக் கூடாது."

"வெறும் சத்து ஊசியா?"

"அதேதான்."

நர்ஸின் முகம் இருண்டது. "என் பொண்ணுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. சோம்பேறித்தனம்னு சொல்லிச் சொல்லியே டாக்டர் அவ ரத்தத்தை எடுத்தார். நானே அவ கையைப் பிடிச்சுக் குடுத்தேன். கடைசியா ரத்தம் எடுக்கிற நாற்காலியிலேயே..." அவள் பார்வை கண்ணாடிப் பெட்டிக்குப் போனது. "அது அவ ரத்தம்தான். ஆட்டிட்டே இருந்தா அவ இருக்கான்னு நினைச்சேன்."

"அக்கா!"

முன்னறையிலிருந்து தங்கையின் அலறல்.

ஓடினாள். தங்கை ரத்தம் எடுக்கும் நாற்காலியில் கிடந்தாள். ஒரு கையில் ஊசி ஏறியிருந்தது. டாக்டர் அவளுடைய இன்னொரு மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். சுருக்கமே இல்லாத முகம், பளபளக்கும் கைகள்.

"சும்மாதானே உட்கார்ந்திருந்தா. அருமையான நரம்பு!"

"எடுங்க சார்! அவ செத்துடுவா!"

டாக்டர் அவள் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். தலை சுவரில் மோதி, வாயில் ரத்தம் கரித்தது.

பின்னறையில் நர்ஸின் குரல். தாலாட்டுப்போல.

"போதும்டி கண்ணு. தூங்கு."

சரக்... சர...

நின்றுவிட்டது.

மழைகூட நின்றதுபோல ஒரு அமைதி.

டாக்டர் ஏதோ சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. மேலுதடும் கீழுதடும் ஒன்றாகி, நடுவில் கோடுகூட இல்லாமல் தோல் வளர்ந்தது. மணிக்கட்டை விடாமல், இன்னொரு கையால் பக்கத்துத் தட்டிலிருந்த கத்தியை எடுத்து, வாய் இருந்த இடத்தைத் தானே கிழித்தார். பல் தெரிந்தது. அடுத்த நொடி மூடிக்கொண்டது. மறுபடி கிழித்தார். மறுபடி மூடியது. இமைகள் கன்னத்தோடு ஒட்டின. மூக்குத் துவாரம் ஒன்று மறைந்தது. பிறகு இன்னொன்று.

கத்தி கீழே விழுந்தது.

"அக்கா, கையை எடுக்கச் சொல்லு! எரியுது!"

அவர் விரல்கள் தங்கையின் மணிக்கட்டுக்குள் வேர்போல இறங்கிக்கொண்டிருந்தன.

அக்கா யோசிக்கவில்லை. ஊசியைப் பிடுங்கி எறிந்தாள். கத்தியை எடுத்தாள். அவளுடைய விரல்களும் ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்திருந்தன. ஒட்டிய கையாலேயே பிடித்து அறுத்தாள். எலும்பில் கத்தி வழுக்கியது. ரத்தம் வரவில்லை; மஞ்சள் நூல்கள்தான் இழுபட்டு இழுபட்டு அறுந்தன. தங்கையின் அலறலில் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. கடைசி விரலும் கழன்றபோது, முகமில்லாத அந்த உடம்பு தரையில் சாய்ந்து இரண்டு முறை உதைத்தது.

தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகையில் பின்னறையைப் பார்த்தாள். நர்ஸ் பையை மார்போடு அணைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பை எங்கே முடிகிறது, மார்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. முகத்தில் மட்டும் நிம்மதி.

பெரிய மருத்துவமனையில் அக்காவின் ஒட்டிய விரல்களைப் பிரித்துத் தைத்தார்கள். ஊசி போட ஆரம்பித்த பிறகு தங்கை தேறினாள். நாக்கின் சிவப்பு தணிந்தது, முகத்தில் நிறம் வந்தது. மணிக்கட்டில் மட்டும் ஐந்து விரல் தடங்கள் இருந்தன. வெளிச்சத்தில் பிடித்தால் அவற்றுக்குள் பட்டுப்போல ஏதோ சுழலும். அக்கா ஜன்னல் திரையை இழுத்துவிடப் பழகிக்கொண்டாள்.

ஒரு மழை மத்தியானம் தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த அக்கா, கோப்பையில் அலை எழுவதைக் கவனித்தாள். அன்று கண்ணாடி கிழித்த கை, தானாக இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது. எப்போதிலிருந்து ஆடுகிறது?

இன்னொரு கையால் அதை அழுத்திப் பிடித்து நிறுத்தினாள்.

தங்கையின் மூச்சு நின்றது. உதடுகள் ஓரத்திலிருந்து மெல்ல ஒட்டத் தொடங்கின.

பதறிப்போய்க் கையை விட்டாள். அது ஆடியது. உதடுகள் விலகின.

பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவளை அக்கா என்று மட்டுமே கூப்பிட்ட வாய், கண் திறக்காமல் வேறொரு குரலில் முனகியது.

"அம்மா... நிறுத்தாதே."