ஆறாவது நெட்டிலிங்கம்

"உங்களை அவங்க பார்க்கக் கூடாதா, இல்ல அவங்களை நீங்க பார்க்கக் கூடாதா? அதை முதல்ல சொல்லுங்கம்மா."

"ரெண்டும் ஒண்ணுதானே."

"ஒண்ணு இல்லம்மா. வர்றவங்க பாதிப் பேரு அதைத் தெரிஞ்சுக்காமதான் செடி வாங்குறாங்க."

நர்சரிக்காரர் அன்று பேசியது நான்கு மாதம் கழித்து இன்று சாயங்காலம் சின்னவளுக்கு ஞாபகம் வந்தது. நெட்டிலிங்க வரிசைக்குப் பின்னால், சுவரோரம் குந்தியபடி, ஆறாவது மரத்தடி மண்ணில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் எல்லா மரத்துக்கும் ஒரே அளவுதான் தண்ணீர் விட்டாள். மற்ற ஒன்பதும் ஈரத்தில் கறுத்துக் கிடந்தன. இது மட்டும் சாம்பல் போல உதிர்ந்தது.

அந்த ஆளுக்கு வாய் அதிகம் என்றுதான் அன்றைக்கு நினைத்தாள். ஒன்றரை அடி அகல மண்ணுக்கு மறைப்புச் செடி கேட்டால் ஒரு வாழ்க்கைப் பாடமே நடத்தினார். மூங்கில் வேண்டாம், வேர் சுவரைப் பிளக்கும். அரளி வேண்டாம், சமையலறைப் பக்கம் விஷச் செடி ஆகாது. காகிதப்பூ முள். கடைசியில் ஆளுயரத்தைத் தாண்டிய நெட்டிலிங்கம் பத்தைக் காட்டினார். "அகலம் கேட்காது, ஒட்டிக்கிட்டு நிக்கும். ஆனா முதல் வருஷம் தண்ணி நிறையக் குடிக்கும். மறந்துடாதீங்க."

மறைக்க வேண்டியிருந்தது பெரியவளை. புருஷனுடைய அண்ணன் மனைவி. வீட்டை இரண்டாகப் பிரித்தபோது இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான் எழுப்பினார்கள். அதற்கு அந்தப் பக்கம் பெரியவளின் ஜன்னல், இந்தப் பக்கம் சின்னவளின் சமையலறை ஜன்னல். வாதம் வந்து வாயும் வலது பக்கமும் விழுந்த பிறகு, சர்வேயர் வேலைக்குப் போகும் மூத்தவர் அவளைச் சக்கர நாற்காலியில் அந்த ஜன்னலில் உட்கார்த்திவிட்டுப் போவார். காற்றாடுமாம். அங்கிருந்து அவள் பகலெல்லாம் சின்னவளைப் பார்ப்பாள். ஒரு காலத்தில் இந்த வீட்டையே ஆட்டிவைத்த வாய், இப்போது கோணிக்கொண்டு, எச்சில் வழிய, சத்தமில்லாமல் எதையோ மென்றது. சின்னவள் ஆர்டருக்குக் கேக் செய்பவள். பிறந்தநாள் கேக் வாங்க வந்த ஒருத்தி ஜன்னல் வழியே அதைப் பார்த்து முகம் சுளித்தாள், பிறகு வரவேயில்லை.

"எப்பப் பாரு அசை போட்டுட்டு. மாடு கூட நடுவுல நிறுத்தும்," என்று சின்னவள் புருஷனிடம் சொன்னாள்.

"பாவம்டி. ஏதோ கேக்குறாங்க போல."

"கேக்கட்டும். முன்னாடி கேட்டதெல்லாம் பத்தாதா?"

என்ன கேட்கிறாள் என்று சின்னவளுக்குத் தெரியாதா? மூன்றெழுத்து வார்த்தை. நாக்கு மேல்பல்லைத் தொட்டு இறங்கும். முதல் வாரமே புரிந்துவிட்டது. புரிந்த மறுநாள்தான் நர்சரிக்குப் போனாள்.

மரங்கள் நட்ட பத்தாம் நாள் மூத்தவர் சாவியைக் கொடுத்தார். "ஒரு நாள் வெளியூர் வேலைம்மா. ரெண்டு மூணு தடவை ஸ்பூன்ல தண்ணி குடுத்துடு, போதும்." வெயில் மண்டையைப் பிளந்த நாள். சாவி ஆணியில் தொங்கியது. மூன்றடுக்குக் கேக் ஒன்று ஓவனில் இருந்தது. நடுவில் ஒரு தடவை வெளியே போனாள், மரங்களுக்குத் தண்ணீர் விட. ராத்திரி வர வேண்டிய மூத்தவர் மறுநாள் மத்தியானம்தான் வந்தார்.

"அண்ணியைப் பார்த்தியா?" என்று புருஷன் கேட்டதற்கு, "பார்த்தேன், பார்த்தேன்," என்றாள்.

படுத்த படுக்கைக்காரி, போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றது ஊர். மூத்தவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகள் வீட்டோடு போனார்.

இப்போது இந்த ஆறாவது மரம். அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே நிற்பது. இருந்தும் கெடுத்தாள், செத்தும் கெடுக்கிறாள் என்று முணுமுணுத்துக்கொண்டு குழாயைத் திறந்து, ஹோஸைத் தூரில் வைத்தாள். தண்ணீர் தேங்கவில்லை. வைத்த இடத்திலேயே போயிற்று. மண்ணுக்கு அடியில், யாரோ அண்ணாந்து குடிப்பது போல, மடக், மடக்கென்று ஒரு சத்தம். நீண்ட இலைகள் நாக்கு நாக்காகத் தொங்கின. வெயிலைப் பார்த்துத் திரும்ப வேண்டிய இலைகள். எல்லாமே அவள் சமையலறையைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

எலி வளையாக இருக்கும். தண்ணீர் உள்ளே இறங்கினால் அப்படித்தான் சத்தம் கேட்கும்.

ஆனால் டம்ளர்? ஒரு வாரமாக, கேக் மேடையில் அவள் நிரப்பி வைக்கும் டம்ளர் திரும்புவதற்குள் காலியாகிறது. விளிம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் எச்சில் ஈரம். புருஷனைத் திட்டினாள். "நான் அந்தப் பக்கமே வரலையே," என்றான் அவன். இன்றைக்கு அவன் வீட்டிலும் இல்லை.

ஹோஸ் இருமியது. தண்ணீர் நின்றது.

எழுந்து வெளியே வரப் பார்த்தாள். முடியவில்லை. முதுகில் சுவர், முகத்தில் இலைகள். வரும்போது இருந்த இடைவெளி இப்போது இல்லை. தொண்டை காய்ந்து ஒட்டிக்கொண்டது. பூட்டிக் கிடக்கும் அந்த ஜன்னலைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கழுத்தைத் திருப்பினாள்.

அந்த ஜன்னலில் யாரும் இல்லை. தூசி மட்டும்.

சின்னவள் மூச்சு விட்டாள். அப்போது கிறீச்சென்றது. சக்கரம். சத்தம் அந்த வீட்டிலிருந்து வரவில்லை. மரங்களுக்கு அப்பாலிருந்து, அவளுடைய சமையலறைக்குள்ளிருந்து, அவள் தினமும் துடைக்கும் தரைமேல் உருண்டு வந்தது.

இலைகள் தாமாகவே விலகின. நாற்காலியில் உட்கார்ந்தால் முகம் வரும் உயரத்தில், ஒரு முகத்தின் அளவுக்கு.

அவளுடைய ஜன்னல். அவளுடைய டம்ளர், கவிழ்ந்து கிடந்தது. அதற்குப் பின்னால் கோணிய வாய். வெடித்த உதடு. நாக்கு மேல்பல்லைத் தொட்டது. இறங்கியது. இந்தத் தடவை சத்தம் வந்தது.

"சின்னவளே... கொஞ்சம் தண்ணி குடு."